வீட்டின் மூக்கை அடைத்த கதை

சென்ற வாரம் கடற்கரையில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தபோது, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார்: "சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடுன்னு பேசிக்கிறாங்களே, நம்ம பென்ஷன்ல அதெல்லாம் முடியுமா? மூணு லட்சம் ஆகும்னு என் பையன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கான்."

கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். சோலார் தகடு, புது ஏசி, புது ஃபிரிட்ஜ், புது சன்னல்கள். எல்லாமே வாங்க வேண்டியவை. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடத்துக்கு முன்பு நானும் இப்படித்தான் ஒரு தாள் எழுதினேன். அதைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அங்கே சொல்ல நேரம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய வீடு. என் தாத்தா காலத்தது. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறும் தோட்டமும். முன்கட்டுக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் ஆச்சுக்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டி, மேலே தட்டோடு பதித்தது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் இப்படி ஒரு வீட்டில் பிறந்திருப்பீர்கள், மீதிப் பேர் அதை விற்றிருப்பீர்கள்.

1994-இல் என் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். வீட்டில் இடம் போதவில்லை என்று தோன்றியது. மழை பெய்தால் சமையலறைக்குப் போக நனைய வேண்டும், முற்றத்தில் பாசி வழுக்குகிறது, கிணற்றில் கொசு, தோட்டத்தில் செருப்பெல்லாம் சேறு. ஜி.பி.எஃப்.பில் முன்பணம் போட்டேன். முற்றத்தின் மேல் கான்கிரீட் தளம் போட்டு அதை ஒரு கூடமாக்கினேன். கிணற்றைச் சிமென்ட் பலகை போட்டு மூடி ஆழ்துளைக் குழாய் இறக்கினேன். பின்னால் இருந்த முருங்கையையும் வாழையையும் எடுத்துவிட்டு, மதிலிலிருந்து மதில் வரை சிமென்ட் தரை. மூன்று மாத வேலை. ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா அப்போது இருந்தார்கள். தளத்துக்குப் பலகை அடிக்கும் நாளில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "ஊட்டுக்கு மூக்கை அடைக்கிறியேடா." நான் சிரித்தேன். மேல்நிலை எழுத்தர், பிரெஞ்சில் பிரெவே தேறியவன், கையில் மேஸ்திரி போட்ட வரைபடம். எழுத்தே தெரியாத அம்மா சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும்?

அம்மா சொன்னது உடலுக்கு முதல் கோடையிலேயே தெரிந்தது, புத்திக்குத் தெரிய முப்பது வருடம் ஆயிற்று. முற்றம் திறந்திருந்தவரை அறைகளின் சூடு மேலே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கடல் காற்று திண்ணைப் பக்கம் நுழைந்து முற்றத்தின் வழியே வெளியேறும். தளம் போட்ட பிறகு அந்தச் சூட்டுக்குப் போக வழி இல்லை. பகல் பதினோரு மணிக்குக்கூட கூடத்தில் விளக்கு போட வேண்டியதாயிற்று. இரண்டு டியூப் லைட், சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஐம்பது வாட் என்று வையுங்கள், பத்து மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு யூனிட். எல்.இ.டி. மாற்றும் வரை இருபது வருடம் அப்படி எரிந்தது. ஏழாயிரம் யூனிட்டுக்கு மேல், வானத்திலிருந்து இலவசமாக வந்த வெளிச்சத்துக்குப் பதிலாக. பிறகு அறைகளில் வெக்கை தாங்காமல் ஏசி வந்தது. அதற்குத் தனி மீட்டர் வாடகை வாங்காததுதான் குறை.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு முசே ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். மெனாழ் என்றால் குடித்தனம். அதிலிருந்து வந்த மெனாழே என்ற வினைக்கு, உள்ளதைப் பதமாகக் கையாளு, வீணாக்காதே என்று பொருள். குடித்தனமும் சிக்கனமும் ஒரே சொல்லிலிருந்து வருகின்றன என்று அவர் சொன்னதை நான் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். வீட்டில் அதைச் செய்தது அம்மா.

இனி 2024 நவம்பர் 30. அந்தத் தேதியை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல். இருபத்து நான்கு மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தெருவில் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் பொது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் தெருவிலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வந்தது. நான் போட்ட சிமென்ட் தரை சமையலறை வாசற்படியைவிட நான்கு விரல்தான் தாழ்வு. மாடித் தண்ணீர் முழுவதும் அங்கே விழுந்து, போக இடமில்லாமல் சமையலறைக்குள் நுழைந்தது. மின்சாரம் இல்லை. முழங்கால் அறுவை முடிந்து நான்கு மாதமே ஆன என் மனைவி, விடியும் வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என்னைப் பார்த்து, "என்னங்க, கிணறு எங்கே இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். இந்த முறை கடன் இல்லை. நான் பிரெஞ்சு சொல்தா அல்ல, யூரோவில் எனக்குப் பென்ஷன் வருவதில்லை. மாதம் எட்டாயிரத்துக்கு மேல் இதில் போடுவதில்லை என்று மனைவியிடம் எழுதிக் கொடுக்காத குறையாக ஒப்புக்கொண்டேன்.

முதலில் உடைத்தேன். பின்பக்கத்துச் சிமென்ட் தரையில் முக்கால் பாகம். துணி துவைக்கவும் நடக்கவும் ஒரு பட்டையை விட்டுவிட்டு, மிச்சத்தை இரண்டு ஆட்கள் இரண்டு நாளில் பெயர்த்தார்கள். கூலி நாலாயிரம், இடிபாடு ஏற்றிய வண்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு. அடியில் நம் ஊர் மணல் அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றினேன், நின்று பார்க்கும் முன்பே காணாமல் போயிற்று. முப்பது வருடம் மூடிக் கிடந்தும் அது தன் வேலையை மறக்கவில்லை.

அடுத்தது கிணறு. பலகையை எடுத்துத் தூர் வாரினோம். கூலி ஒன்பதாயிரம், ஒரு மாதக் கணக்கை மீறியது, அடுத்த மாதம் ஈடுகட்டினேன். உறை கெடவில்லை. மாடியிலிருந்து வரும் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பினோம். நடுவில் ஒரு சின்னத் தொட்டி, அடியில் கூழாங்கல், மேலே மணல், இடையில் அடுப்புக்கரி. வாய்க்குக் கொசு வலை. இது 1994-இல் நூறு ரூபாய்க்குக் கிடைத்திருக்கும், கொசுவுக்குப் பயந்து கிணற்றையே மூடியிருக்க வேண்டாம். எங்கள் மாடி அறுநூறு சதுர அடி. இந்த ஊரில் ஒரு வருடத்துக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டர் மழை. சிதறுவது, ஆவியாவது கழித்தாலும் ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் கிணற்றுக்குப் போக வேண்டும். இத்தனை வருடமாக அதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஆழ்துளைக் குழாயில் உப்புக் கரிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கடலோரத்து ஊரில் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்து திருப்பிக் கொடுக்காவிட்டால், அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் வரும். இதைத் தெரிந்துகொள்ள பொறியாளர் வேண்டாம்.

உப்பு என்றதும் ஆர்.ஓ. இயந்திரம். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தரும்போது வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு நாள் வாளி வைத்து அளந்தேன். மூன்று குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது அந்தக் குழாயை ஒரு டிரம்மில் விட்டிருக்கிறேன். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் ஆகிறது. செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு சேரும். செடிக்கு என்று பாத்திரம் கழுவும் தண்ணீர் இருக்கிறது. வாழை அதில்தான் வளர்கிறது, எந்தக் காலத்திலும் அதில்தான் வளர்ந்தது.

பிறகு மாடி. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு நாள் ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு பூச்சு. எங்கள் சின்ன வயதில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வச்சிரத்தைக் காய்ச்சி ஊற்றி, நீலமும் ஒரு பொட்டலம் கரைப்பார்கள். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மாடிக்கு நீலம் வேண்டாம், எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு நல்லது, வெயில் திரும்பிப் போகும். ஆளும் பொருளும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுதான் ஆயிற்று. கடையில் இதற்கென்றே டப்பாவில் விற்கும் பெயின்ட் பல மடங்கு விலை. அது சில வருடம் நிற்கும் என்பது உண்மை. சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும், ஒவ்வொரு மாசியிலும் மறுபடி அடிக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மழைக்காலத்தில் வெள்ளை மாடி எதற்கு? ஒன்று மட்டும் கவனம்: கரைந்து வரும் முதல் சில மழைத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். பூசும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்லுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் வெறுங்காலோடு மாடியில் ஏறிப் பார்த்தேன். நிற்க முடிந்தது. பக்கத்து வீட்டு மாடியில் நின்று பார்த்து ஒப்பிடும் அளவுக்கு நான் ஆராய்ச்சியாளன் இல்லை.

மேற்குப் பக்கத்துச் சன்னலுக்கு ஒரு மூங்கில் தட்டி, அறுநூறு ரூபாய். அதைச் சன்னலுக்கு வெளியே கட்ட வேண்டும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறீர்கள். வெள்ளைக்காரர் பகுதியில் சன்னலுக்கு வெளியே சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த கதவு போட்டார்களே, பெர்சியேன் என்று, அது அழகுக்காக மட்டும் வைத்தது இல்லை. அவர்கள் வெயிலை வெளியே நிறுத்தினார்கள், காற்றை விட்டார்கள். இப்போது அந்த வீடுகளை ஓட்டலாக்கி, பெர்சியேனுக்கு மஞ்சள் வெள்ளை அடித்து, எப்போதும் சாத்தி வைத்து, உள்ளே ஏசி ஓட்டுகிறார்கள். அது வேறு கதை.

மின்விசிறி விஷயத்தில் நண்பரின் மகன் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தான். நான் எழுத்தர் புத்தியோடு பார்த்தேன். பழைய விசிறி 75 வாட், புது பி.எல்.டி.சி. விசிறி முப்பது வாட் சொச்சம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடும் விசிறியில் நாளுக்கு முக்கால் யூனிட் மிச்சம், வருடத்துக்கு 250 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் மூவாயிரம் ரூபாய் விசிறி இரண்டரை வருடத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். விருந்தாளி அறையில் வருடத்துக்குப் பத்து நாள் ஓடும் விசிறியை மாற்றினால் அந்தப் பணம் என் பேரன் காலத்தில்தான் திரும்பும். ஆகவே இரண்டு மட்டும் மாற்றினேன். நன்றாக ஓடுகிற ஒரு பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு "பசுமை" என்று முத்திரை ஒட்டிய இன்னொன்றை வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தூக்கிப் போட்டது எங்கே போகிறது? குப்பை எல்லாம் குரும்பாப்பேட்டுக்குப் போய் மலையாகக் குவிந்ததை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குப்பை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்த மண் தொட்டி இரண்டு, காய்கறித் தோல், மேலே காய்ந்த இலை. ஒன்று நிறைந்ததும் மற்றது. நாற்றம் வந்தால் இலை போதவில்லை என்று பொருள்.

பலன் என்ன? மீட்டரை நான் மாதா மாதம் நோட்டில் எழுதி வைப்பவன். 2024 மே மாதம் 410 யூனிட், 2025 மே மாதம் 265. ஏசி இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். எட்டு மணிக்குப் போட்டதைப் பத்தரைக்குப் போடுகிறோம், இருபத்து மூன்றில் வைத்ததை இருபத்தேழில் வைத்து விசிறியையும் ஓட்டுகிறோம். எழுபது வயதுக்கு மேல் கோடை இரவில் வியர்த்துக்கொண்டு கிடந்தால்தான் இயற்கையை நேசிப்பவன் என்று யாராவது சொன்னால், அவர் நம் வயதுக்கு வரட்டும், பேசுவோம்.

சோலார் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதைக் கடைசியில் வையுங்கள் என்கிறேன். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். கடைக்காரர் என் பழைய பில்லைப் பார்த்து மூன்று கிலோவாட் என்றார். ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும், மாதம் 120. மார்கழியில் எங்களுக்கு ஆவதே 130. முதலில் தேவையைக் குறைத்துக்கொண்டதால் மூன்றுக்குப் பதில் ஒன்றோ இரண்டோ போதும் என்று வந்து நிற்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சூடான வீட்டின் மேல் பெரிய தகடு வைத்து, அந்த மின்சாரத்தில் அந்தச் சூட்டை விரட்டுவது என்ன கணக்கு?

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கூரை மேல் தகடு வைக்க மானியம் உண்டு. சிமென்டை உடைத்து மண்ணைத் திறப்பவனுக்கு? பழைய முற்றத்தை மூடாமல் வைத்திருப்பவனுக்கு? வாங்கினால் ரசீது இருக்கிறது, ரசீது இருந்தால் ஃபைல் நகரும். மூடாமல் விட்டதற்கு எந்த ரசீதை இணைப்பது? நாற்பது வருடம் ஃபைல் நகர்த்தியவன் என்பதால் இந்தச் சிக்கல் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் நியாயமாகப் படவில்லை.

என்னால் திருத்த முடியாத ஒன்று முற்றம். தளத்தை வெட்டி எடுக்க மேஸ்திரி சொன்ன தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம். சுற்றியுள்ள பழைய சுவர் அதிர்ச்சியைத் தாங்குமா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை. 1994-இல் நான் அதை மூடச் செலவழித்தது முப்பத்தெட்டாயிரம். தாழ்வாரத்துக்கு மேல் சுவரில் நான்கு காற்றுத் துளை போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் பரவாயில்லை. அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் எங்கள் தெருவிலேயே ஆறு வீடு தள்ளி இருக்கும் தம்பதியைப் பற்றி எனக்குக் கவலை. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பாட்டி வீடு அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. முற்றத்தை மூடத் தளம் போடப் போவதாகக் கேள்விப்பட்டு, அழையாத விருந்தாளியாகப் போனேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: "ஐயா, மழை உள்ள அடிக்குது. திருட்டுப் பயம் வேற. ரெண்டு பேரும் காலைல போனா ராத்திரிதான் வர்றோம். என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. 1994-இல் என்னிடமும் இதே கேள்விதான் இருந்தது. முற்றத்தின் வாயில் கம்பிக் கட்டம் போடுங்கள், அதற்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் குழாய்க் கால் நட்டு ஒளி ஊடுருவும் தகடு வையுங்கள் என்றேன். நான்கு பக்கமும் இடைவெளி இருக்கும், சூடு போகும், வெளிச்சம் வரும், சாரல் மட்டும் கொஞ்சம் அடிக்கும். தகட்டின் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றுக்கு விடலாம். தளம் போடும் செலவில் பாதிகூட ஆகாது, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

அவன் மனைவிக்குச் சம்மதம் போலத் தெரிந்தது. பையன் யோசிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி அளவெடுக்க வருகிறாராம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெளியிலிருந்து எங்கள் கூடத்துக்குள் வந்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவர்கள் இருவரையும் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் காப்பிக்கு அழைத்திருக்கிறேன். விசிறியைப் போட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.